பழுதுகளின் பட்டியல்

1980களில் விற்பனைக்கு வந்த ஹார்டு டிஸ்குகளின் மேல்மூடியில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கும். தொழிற்சாலையில் சோதனை முடிந்த பிறகு ஒட்டி அனுப்புவார்கள். அதில் மூன்று பத்திகள்: எந்த சிலிண்டர் (எத்தனையாவது தட வளையம்), எந்த ஹெட் (எந்தத் தட்டு முகத்தைப் படிக்கும் முனை), தடத்தின் தொடக்கத்திலிருந்து எத்தனையாவது பைட். எங்கெங்கே எழுதினால் நிற்காது என்று டிஸ்கைச் செய்தவர்களே எழுதிக்கொடுத்த பட்டியல் அது. சிலவற்றில் அச்சடித்திருக்கும், சிலவற்றில் பேனாவால் எழுதியிருக்கும். வாங்குகிறவர்கள் இதைப் பார்த்துச் சண்டைக்குப் போனதில்லை. பழுது இல்லாத டிஸ்க் கிடையாது என்பது விற்கிறவருக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும்.

சீகேட் நிறுவனம் 1980இல் கொண்டுவந்த எஸ்டி-506 என்ற டிஸ்கின் கொள்ளளவு 5 மெகாபைட். 1983இல் வந்த ஐபிஎம் பிசி எக்ஸ்டியில் 10 மெகாபைட் டிஸ்க் இருந்தது. இன்றைய கைப்பேசியில் எடுத்த படங்கள் இரண்டு மூன்று போட்டால் அது நிரம்பிவிடும். அப்படிப்பட்ட டிஸ்கைப் பொருத்துகிற டெக்னீஷியன் முதலில் மூடியில் இருக்கும் பட்டியலைத் தாளில் பகர்த்துக்கொள்வார். பெட்டிக்குள் திருகி முடுக்கிவிட்டால் பிறகு படிக்க முடியாது. அதன்பின் கண்ட்ரோலர் கார்டுக்குள் இருக்கும் நிரலை எழுப்பி லோ லெவல் ஃபார்மட் போடும்போது அந்த எண்களை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்வார். அந்த இடங்களை விட்டுவிட்டு மற்ற இடங்களில் மட்டும் எழுதும்படி டிஸ்க் தயாராகும். ஓர் எண்ணைத் தப்பாக அடித்தால் நல்ல இடம் வீணாகும், கெட்ட இடத்தில் கோப்பு போய் உட்காரும். பூஜ்ஜியமாவது சிலிண்டரில் மட்டும் பழுது அனுமதியில்லை. டிஸ்கின் பிரிவுக் கணக்கும் கணினியைத் தொடங்கிவைக்கும் நிரலும் இருக்கிற இடம் அது.

அந்தக் காகிதம் இப்போது இல்லை. பழுதுகள் இருக்கின்றன, முன்னைவிட அதிகமாகவே. பட்டியலும் இருக்கிறது, டிஸ்குக்குள்ளே, நம் கண்ணுக்குப் படாத இடத்தில். காகிதம் மூடியிலிருந்து உள்ளே போன கதையைத்தான் சொல்ல வந்தேன். வீட்டில் ஒரு பழைய டிஸ்க் வைத்திருக்கிற எல்லோருக்கும் இதில் பங்கு உண்டு.

செக்டார் என்பது டிஸ்கின் தடத்தில் ஒரு சிறு துண்டு. நெடுங்காலமாக அதன் அளவு 512 பைட். 2011 வாக்கிலிருந்து புதிய டிஸ்குகள் 4096 பைட் செக்டாருக்கு மாறின. தகவலோடு சேர்த்து அதைச் சரிபார்க்கவும் திருத்தவும் கூடுதலாகச் சில பைட்டுகளும் எழுதப்படுகின்றன. 512 பைட் செக்டாருக்கு ஏறத்தாழ ஐம்பது பைட். இர்விங் ரீடும் கஸ்டவ் சாலமனும் 1960இல் வெளியிட்ட கணித முறைதான் நெடுங்காலம் இதற்கு அடிப்படை. தட்டின் மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கும் ஹெட் படித்துத் தருவது ஒருபோதும் சுத்தமான எழுத்தாக இருப்பதில்லை. இரைச்சலோடு வருவதை அந்தக் கூடுதல் பைட்டுகள் திருத்தித் தருகின்றன. நாம் திறக்கும் ஒவ்வொரு கோப்பும் இப்படித் திருத்தப்பட்டுத்தான் வருகிறது. ஆகவே நல்ல செக்டார், கெட்ட செக்டார் என்பது அளவு சார்ந்த விஷயம். பிழை திருத்தத்துக்கு அடங்கினால் நல்லது. அதைத் தாண்டிவிட்டால் நாம் பேட் செக்டார் என்கிறோம்.

தாண்டுவதற்குப் பல காரணங்கள் உண்டு. தட்டின் காந்தப்பூச்சில் பிறவியிலேயே இருக்கும் குறை ஒன்று. ஓடும்போது இடித்ததில் ஹெட் தட்டைத் தொட்டுவிடுவது இன்னொன்று. அப்படித் தொட்ட இடத்தில் பெயர்ந்த துகள் உள்ளேயே சுற்றிக்கொண்டு வேறு இடங்களையும் கீறும். மூன்றாவது காரணம் நமக்கு நன்றாகப் பழக்கமானது. எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போனால் ஒரு செக்டார் பாதி புதிதாகவும் பாதி பழையதாகவும் நின்றுவிடலாம். சரிபார்க்கும் பைட்டுகளோடு கணக்கு ஒத்துப்போகாது, டிஸ்க் படிக்க மறுக்கும். தட்டில் ஒரு கீறலும் இருக்காது. 2012 வாக்கில் சென்னைக்கு வெளியே நாளின் பாதி நேரம் மின்சாரம் இல்லாமல் டிடிபி நிலையம் நடத்தியவர்களைக் கேளுங்கள். யுபிஎஸ் பேட்டரி செத்துப்போன பிறகு அவர்களுடைய டிஸ்குகள் என்ன ஆயின என்று சொல்வார்கள்.

காகிதம் இருந்த காலத்துக்குப் பிறகும் கொஞ்ச காலம் பழுது நம் கண்ணுக்குத் தெரிந்தது. 1993இல் எம்எஸ்-டாஸ் 6.2 உடன் ஸ்கேன்டிஸ்க் என்ற சோதனை நிரல் வந்தது. நீலத் திரையில் வரிசை வரிசையாகக் கட்டங்கள். சோதனை ஒவ்வொரு கட்டமாக நகரும், பழுதான கட்டத்தில் 'பி' என்ற எழுத்து விழும். விழுந்த இடத்தைக் கோப்பு அட்டவணையில் ஒரு தனிக்குறி போட்டு ஒதுக்கிவிடும், பிறகு யாரும் அங்கே எழுத மாட்டார்கள். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில் இந்த ஒதுக்கீடு இன்னும் விசித்திரமானது. மறைவாக ஒரு கோப்பு இருக்கும். அதன் அளவு கணக்கில் அந்தப் பிரிவின் மொத்த அளவுக்குச் சமம். ஆனால் அதற்கு உண்மையில் உரிமையான இடம் பழுதான கட்டங்கள் மட்டும்தான். கெட்ட நிலம் முழுவதையும் ஒரே ஆள் பெயரில் பட்டா போட்டுக்கொடுத்துவிட்டால் வேறு யாரும் அங்கே வீடு கட்ட வர மாட்டார்கள் என்ற ஏற்பாடு.

இதற்கிடையே டிஸ்கின் வடிவமைப்பு மாறியது. தனி கார்டாக இருந்த கண்ட்ரோலர் ஐடிஇ முறையில் டிஸ்கின் அடிப்பலகைக்கே வந்துவிட்டது. டிஸ்க் தன் வீட்டுக் கணக்கைத் தானே பார்த்துக்கொள்ளத் தொடங்கியது. தொழிற்சாலையில் கண்டுபிடித்த பழுதுகளுக்கு ஒரு பட்டியல், பயன்பாட்டில் வளர்ந்த பழுதுகளுக்கு இன்னொரு பட்டியல், இரண்டும் உள்ளேயே எழுதிவைக்கப்படும். பழுதானவற்றுக்கு மாற்றாகக் கொடுக்க ஒரு பங்கு செக்டார்கள் ஒதுக்கத்தில் இருக்கும். கணினி ஒரு முகவரியைச் சொல்லிக் கேட்கும். டிஸ்க் ஒதுக்கத்தில் இருக்கும் வேறோர் இடத்துக்குப் போய் எடுத்துவந்து அந்த முகவரியின் பேரிலேயே கொடுக்கும். கேட்டவருக்கு வித்தியாசம் தெரியாது. வேலை தடைபடாமல் நடந்தது. பழுதை நாம் பார்ப்பதும் நின்றுபோனது.

ஒதுக்கம் தீர்ந்த பிறகுதான் பேட் செக்டார் வெளியே தெரியும் என்று பலர் நம்புகிறார்கள். அது முழு உண்மையல்ல. ஒரு செக்டாரைப் படிக்க முடியாமல் போனால் டிஸ்க் உடனே அதை மாற்றிவைப்பதில்லை. மாற்றிடத்தில் எதை எழுதுவது? உள்ளே என்ன இருந்தது என்பதே தெரியவில்லையே. இல்லாத ஒன்றை இருந்ததாகச் சொல்லி எழுதும் வேலையை அது செய்யாது. 'நிலுவை' என்று குறித்துவைத்துக் காத்திருக்கும். கேட்கும்போதெல்லாம் பிழை என்றே பதில் சொல்லும். என்றாவது படிக்க முடிந்துவிட்டாலோ, யாராவது அதே முகவரியில் புதிதாக எழுதினாலோதான் நிலுவை தீரும். எழுதும்போது டிஸ்க் அந்த இடத்தைச் சோதித்துப் பார்க்கும். நின்றால் பழைய இடத்திலேயே இருக்கும், நிற்காவிட்டால் ஒதுக்கத்துக்குப் போகும். நல்ல பதிப்பாசிரியருக்கு இருக்க வேண்டிய ஒழுக்கம் இந்த அடிப்பலகைச் சிப்புக்கு இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

அந்த ஒழுக்கத்தைக் கெடுப்பது நம் அவசரம்தான். சென்னையின் ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற இடங்களில் பழைய டிஸ்கை நீட்டினால் "லோ லெவல் ஃபார்மட் போட்டா பேட் செக்டார் எல்லாம் போயிடும் சார்" என்ற பதில் எளிதாகக் கிடைக்கும். சொல்வது பொய்யில்லை. டிஸ்க் முழுவதும் பூஜ்ஜியம் எழுதினால் நிலுவை எல்லாம் தீர்ந்துவிடும், சோதனையில் எல்லாக் கட்டமும் பச்சையாக வரும். கூடவே உள்ளே இருந்தது முழுவதும் போய்விடும். பொருளைக் காப்பாற்றி உள்ளடக்கத்தைக் கைவிடுகிற சிகிச்சை இது. டிஸ்க் மட்டும் போதும் என்பவர் செய்துகொள்ளலாம். உள்ளே இருப்பது வேண்டும் என்பவர் டிஸ்கின் மேல் ஒரு பைட்கூட எழுதக் கூடாது. விண்டோஸின் செக்டிஸ்க்கைப் பழுது நீக்கும்படி ஓட்டுவதும் எழுதுவதில் சேர்த்திதான். அது கோப்பு முறையை ஒழுங்குபடுத்தும் கருவி. ஒழுங்குக்காகச் சில துண்டுகளைத் தூக்கி எறிந்துவிட்டு எல்லாம் சரி என்று அறிக்கை தரும். சாகக் கிடக்கும் டிஸ்கை மணிக்கணக்கில் வேலையும் வாங்கும்.

முதலில் டிஸ்க் தன்னைப் பற்றி என்ன சொல்கிறது என்று கேட்க வேண்டும். 1990களின் நடுவில் வந்த ஸ்மார்ட் என்ற வசதி உள்பட்டியலில் கொஞ்சத்தை வெளியே காட்டுகிறது. இதற்கென உள்ள இலவச மென்பொருள் எதிலும் பார்க்கலாம். மூன்று வரிகள் போதும். 5ஆம் எண், மாற்றிவைத்த செக்டார்கள். 197, நிலுவையில் இருப்பவை. 198, டிஸ்க் தானே நடத்திய சோதனையில் படிக்க முடியாமல் போனவை. ஒவ்வொன்றுக்கும் கடைசிப் பத்தியில் உள்ள மூல எண்ணைப் பாருங்கள். பக்கத்தில் நல்ல நிலை என்று எழுதியிருப்பதைப் பொருட்படுத்த வேண்டாம். தயாரிப்பாளர் வைத்த வரம்பைத் தொடாதவரை அது அப்படித்தான் சொல்லும்.

இந்த எண்களை எவ்வளவு நம்பலாம்? கூகுள் நிறுவனத்தின் பொறியாளர்கள் மூவர் 2007இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகளைக் கவனித்து எழுதியது. மேற்பரப்புச் சோதனையில் முதல் பிழை தென்பட்ட டிஸ்க், பிழையே தென்படாத டிஸ்கைவிட, அடுத்த 60 நாட்களுக்குள் செயலிழக்க 39 மடங்கு அதிக வாய்ப்பு உள்ளது என்று கண்டார்கள். அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது. செயலிழந்த டிஸ்குகளில் பாதிக்கு மேற்பட்டவை முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை. எண் ஏறியிருந்தால் எச்சரிக்கை. எண் பூஜ்ஜியமாக இருப்பது உத்தரவாதம் ஆகாது. பழைய டிஸ்குகளின் ஸ்மார்ட் கணக்கை அழித்துப் புதியவையாக விற்றது 2025 தொடக்கத்தில் ஐரோப்பாவில் அம்பலமானது. பட்டியல் நம் கையைவிட்டு உள்ளே போனதால் வந்த வினைகளில் இதுவும் ஒன்று.

சிற்றிதழ் நடத்திய நண்பர் ஒருவருடைய 40 ஜிபி டிஸ்க் என்னிடம் வந்தது. பேஜ்மேக்கரில் வடிவமைத்த பழைய இதழ்கள் எல்லாம் அதில். கணினியில் மாட்டினால் கோப்புறை திறக்கும், சில கோப்புகளைத் தொட்டால் எல்லாம் உறைந்து நிற்கும். டிஸ்க் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க முயல்கிற டக், டக் ஓசை. 197க்கு நேரே பூஜ்ஜியம் இல்லை.

இதற்கென்றே உள்ள கருவி ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ. அந்தோனியோ டியாஸ் எழுதியது, லினக்ஸில் ஓடும். அதன் புத்திசாலித்தனம் வரிசையில் இருக்கிறது. சாதாரணமாக நகலெடுக்கும் நிரல் பழுதில் முட்டினால் அங்கேயே நின்று மல்லுக்கட்டும். இது பழுதைத் தொட்டதும் தாண்டிப் போய்விடும். எளிதில் கிடைப்பதையெல்லாம் முதலில் வேறு டிஸ்குக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, விட்டுவந்த இடங்களுக்குப் பிறகு திரும்பும். ஓரங்களிலிருந்து நெருங்கிவந்து, கடைசியில் ஒவ்வொரு செக்டாராகச் சுரண்டும். செத்துக்கொண்டிருக்கும் டிஸ்கில் மிச்சமிருக்கும் நேரத்தை எதற்குச் செலவிடுவது என்று தெரிந்த நிரல்.

அது எழுதிக்கொண்டே போகும் குறிப்புக் கோப்புதான் என்னைக் கவர்ந்தது. சாதாரண எழுத்துக் கோப்பு, யாரும் திறந்து படிக்கலாம். ஒவ்வொரு வரியிலும் தொடங்கும் இடம், நீளம், ஒரு குறி. கூட்டல் குறி என்றால் கிடைத்துவிட்டது. கழித்தல் என்றால் கிடைக்கவில்லை. கேள்விக்குறி, இன்னும் போய்ப் பார்க்கவில்லை. மூடியிலிருந்து மறைந்த காகிதம் இங்கே திரும்ப வந்திருந்தது.

நண்பரின் டிஸ்கில் கழித்தல் குறிகள் சில வரிகளோடு நின்றன. மொத்தமாகச் சில கிலோபைட். அந்த ஓட்டைகளை வெறுமையாக விடாமல், நகலில் அந்த இடங்களில் மட்டும் ஓர் அடையாளச் சொல்லை நிரப்பச் சொல்லலாம். பிறகு எல்லாக் கோப்புகளிலும் அந்தச் சொல்லைத் தேடினால் எந்தெந்தக் கோப்பு காயப்பட்டது என்று தெரிந்துவிடும். தேடியதில் பெரும்பாலான ஓட்டைகள் காலி இடத்தில் விழுந்திருந்தன. இரண்டு கோப்புகளில் மட்டும் சொல் அகப்பட்டது. ஒன்று எழுத்துரு, மற்றது ஒரு புகைப்படம்.

எழுத்துருவில் அடி விழுந்தால் என்ன ஆகும் என்பது தமிழில் அச்சுக்கோத்தவர்களுக்குத் தெரியும். யுனிகோடு பரவுவதற்கு முன் தமிழ் எழுத்துகளுக்குக் கணினியில் தனி இடம் இல்லை. பிற எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய எண்களைக் கடன் வாங்கி, அவற்றின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தித் திரையில் காட்டினோம். பாமினி, டிஸ்கி, 1999 தமிழ்நெட் மாநாட்டுக்குப் பின் வந்த டாம், டாப், அதுபோக ஒவ்வொரு மென்பொருள் நிறுவனமும் செய்த சொந்த ஏற்பாடுகள். தமிழ்நாடு அரசு யுனிகோடை ஏற்றது 2010இல். அதற்கு முந்திய இதழ்களின் எழுத்து கோப்பில் இருக்கிறது, அர்த்தம் எழுத்துருவில் இருக்கிறது. எழுத்துருக் கோப்பின் தலைப்பகுதியில் 512 பைட் போனால் கட்டுரைகள் ஒரு எழுத்தும் குறையாமல் இருக்கும், ஒரு வரியும் படிக்க முடியாது. அந்த எழுத்துரு வேறோர் அச்சகத்தின் பழைய சிடியில் இருந்ததால் தப்பித்தோம்.

புகைப்படத்துக்கு வேறு பிரதி இல்லை. ஒரு கூட்டத்தில் எடுத்த படம். பாதிவரை முகங்கள், அதற்குக் கீழே சாம்பல் நிறம். ஜேபெக் முறையில் முன்னே வந்ததைச் சார்ந்தே பின்னே வருவது எழுதப்பட்டிருக்கும். ஒரு செக்டார் போனால் அதற்குப் பிந்தியவையும் சேர்ந்து கெடும். சுருக்கிக் கட்டிய ஸிப் கோப்பும் இப்படித்தான். வெறும் எழுத்துக் கோப்பில் என்றால் அந்த 512 பைட் மட்டும் போகும், மற்றதைப் படிக்கலாம். ஓட்டை எவ்வளவு பெரியது என்பதைவிட எங்கே விழுந்தது, எதில் விழுந்தது என்பதுதான் கணக்கு.

ஓட்டையோடு எப்படி நடந்துகொள்வது என்பதை ஏடு தேடிப் பதிப்பித்தவர்கள் அறிவார்கள். உ.வே. சாமிநாதையர் புறநானூற்றை 1894இல் வெளியிட்டபோது 267ஆம் பாட்டும் 268ஆம் பாட்டும் ஏட்டில் இல்லை. அடுத்த பாட்டை இழுத்து அந்த இடத்தில் போடவில்லை, எண்ணைக் குறைக்கவில்லை. நூலின் பிற்பகுதியில் பல பாட்டுகளில் சிதைந்த இடங்கள் புள்ளிகளாகவே நிற்கின்றன. ஐங்குறுநூற்றில் 129, 130 இல்லை. பதிற்றுப்பத்தில் முதல் பத்தும் கடைசிப் பத்தும் இல்லை, இரண்டாம் பத்து இன்றும் இரண்டாம் பத்துதான். சொந்தமாக இரண்டு வரி எழுதி இட்டு நிரப்பும் புலமை அவர்களுக்கு இல்லாமலா போயிற்று? ஓட்டையை ஓட்டையாகக் காட்டியதால்தான் மற்ற வரிகளை நாம் நம்புகிறோம். படிக்க முடியாத செக்டாரை நிலுவை என்று எழுதிவைக்கிற டிஸ்கும், கழித்தல் குறி போடுகிற நிரலும் செய்வது இதே வேலை.

பட்டியல் மறைந்ததன் இன்னொரு விளைவையும் சொல்லியாக வேண்டும். டிஸ்க் மாற்றிவைத்த செக்டார் அழிக்கப்படுவதில்லை. அதன் முகவரி வேறு இடத்துக்குப் போய்விட்டது, அவ்வளவுதான். உள்ளே இருந்த பழைய எழுத்து ஓரளவு அங்கேயே கிடக்கலாம். டிஸ்கை முழுக்கப் பூஜ்ஜியத்தால் நிரப்பினாலும் கை அங்கே எட்டாது. டிஸ்குக்கே கட்டளையிட்டு அழிக்கச் சொல்லும் வசதி பல டிஸ்குகளில் உண்டு, அதிலும் மேம்பட்ட வகைதான் ஒதுக்கிய இடங்களைத் தொடும். ரகசியம் வைத்திருந்த டிஸ்கை எடைக்குப் போடும் முன் தட்டுகளை உடைத்துவிடுவது நல்லது.

டிஸ்கைச் செய்கிறவர்களுக்கு நான் வைக்கும் கோரிக்கை ஒன்றுதான். தொழிற்சாலைப் பட்டியலையும் பயன்பாட்டுப் பட்டியலையும் வாங்குகிறவர் படிக்கும்படி, யாரும் அழிக்க முடியாதபடி காட்டுங்கள். 1983இல் பேனாவால் எழுதிக்கொடுக்க முடிந்ததை இன்று செய்ய முடியாமல் போக ஒரு காரணமும் இல்லை. பழுது எல்லாப் பொருளிலும் உண்டு. எங்கே என்று தெரிந்த பழுதால் யாரும் அழிந்ததில்லை.

வாசகருக்கும் ஒரு வார்த்தை. அலமாரியில் கிடக்கும் பழைய டிஸ்கை இந்த வாரம் எடுங்கள். மாட்டியதும் 5, 197, 198 மூன்றையும் பாருங்கள். ஏதாவது ஒன்றில் எண் ஏறியிருந்தால் கோப்புகளைத் திறந்து ரசித்துக்கொண்டிருக்காமல் முதலில் முழு நகல் எடுங்கள், பழுது பார்ப்பதை நகலில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றும் பூஜ்ஜியமாக இருந்தாலும் நகல் எடுங்கள். பழைய தமிழ்க் கோப்புகளை யுனிகோடுக்கு மாற்றி வெறும் எழுத்தாகவும் ஒரு பிரதி வையுங்கள், எழுத்துருவையும் கூடவே போடுங்கள். கிடைக்காமல் போனது எது என்று ஒரு தாளில் எழுதி அதனுடன் சேர்த்துவிடுங்கள். ஒரு பிரதி உங்கள் வீட்டில், இன்னொன்று வேறொருவர் வீட்டில் இருக்கட்டும்.